பில் எண்ணுக்காக முழு டேபிளையும் பூட்டுவதை எப்படி நிறுத்துவது?

டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8, அதன் ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபி. கோடு பிஎச்பியில், டேட்டாபேஸைத் தொடுவது பிடிஓ வழியாக. பில் எண் நடுவில் விடுபடக் கூடாது. ஆட்டோ இன்கிரிமென்ட் (டேட்டாபேஸே தானாக அடுத்த எண் போடுவது) உதவாது. ரோல்பேக் ஆனால் (செய்த மாற்றங்கள் ரத்தானால்) அந்த எண் போனது போனதுதான். அதனால் பழைய கோடு பில் டேபிளை லாக் டேபிள்ஸால் பூட்டி, கடைசி எண்ணோடு ஒன்று கூட்டி இன்சர்ட் செய்கிறது.

பூட்டிய பிறகு, டிரான்சாக்ஷனைத் தொடங்க பிகின்டிரான்சாக்ஷன் கூப்பிட்டால் பூட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். ஆட்டோகமிட் 0 (ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தானாகக் கமிட் ஆவதை நிறுத்துவது), லாக், வேலை, கமிட், அன்லாக் என்று வரிசை மாற்றியதில் அது தீர்ந்தது. ஆனால் பூட்டாத டேபிளைத் தொட்டால் 1100 பிழை. டேபிளுக்கு அலியாஸ் (மாற்றுப்பெயர்) வைத்தால் அதையும் தனியாகப் பூட்ட வேண்டும். பெர்சிஸ்டன்ட் கனெக்ஷனில் (ஸ்கிரிப்ட் முடிந்தும் மூடாத இணைப்பில்) ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் பூட்டு அப்படியே நிற்கிறது. காத்திருப்போருக்கு வரிப் பூட்டுக்கான இன்னோடிபியின் 50 விநாடி வரம்பு இங்கே பொருந்தாது. மெட்டாடேட்டா லாக்கின் (டேபிள் அளவிலான பூட்டின்) வரம்புதான், அதன் இயல்பு மதிப்பு 3,15,36,000 விநாடி. ஒரு வருடம்!

மாற்றுத் திட்டம்: எண் தொடருக்கு ஒரு வரி வைத்த தனி டேபிள், டிரான்சாக்ஷனுக்குள் அந்த வரிக்கு மட்டும் செலக்ட் ஃபார் அப்டேட் (படிக்கும்போதே வரியைப் பூட்டுவது). ஸ்டாக் வரிகளை ஐடி வரிசையில் முதலில் பூட்டி, எண் வரியைக் கமிட்டுக்குச் சற்று முன் எடுப்பதாக யோசனை. இந்த வரிசையில் ஓட்டை தெரிகிறதா?

இன்னொன்று: 1213 (டெட்லாக், இரண்டு டிரான்சாக்ஷன்கள் ஒன்றுக்கொன்று காத்து முட்டுவது) வந்தால் முழு டிரான்சாக்ஷனும் ரோல்பேக் ஆகிறது, 1205 (பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம் முடிவது) வந்தால் கடைசி ஸ்டேட்மென்ட் மட்டும். இரண்டுக்கும் ஒரே மறுமுயற்சிக் கோடு எழுதியவர்கள், 1205க்கு நீங்களே ரோல்பேக் கூப்பிடுகிறீர்களா, இல்லை சர்வர் அமைப்பையே மாற்றினீர்களா? கெட் லாக் (ஒரு பெயரை வைத்துப் பூட்டும் மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்) வேண்டாம். கமிட் ஆனாலும் அது தானாக விடுபடாது.