‘கோஸ்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி:
வணக்கம். நான் பேச்சு ஆங்கிலம் பயின்று வருகிறேன். உடன் பயிலும் ஒருவர், தம் தோழியைப் பற்றி ‘ஷீ கோஸ்டட் மீ’ என்று எழுதியிருந்தார். ‘கோஸ்ட்’ என்றால் பேய் என்று மட்டுமே அறிந்திருந்ததால், அது வினைச்சொல்லாக வருவது குழப்பமாக இருக்கிறது. அகராதியில் பார்த்தால், பிறர் பெயரில் நூல் எழுதிக் கொடுத்தல் என்றும் பொருள் தரப்பட்டுள்ளது. என் செய்திக்கு ஒருவர் ஓரிரு நாள்கள் பதில் அனுப்பாவிட்டால் இச்சொல்லைப் பயன்படுத்தலாமா? அலுவலகக் கடிதத்தில் எழுதலாமா?

மறுமொழி 1:
பேசிப் பழகி வந்த ஒருவர், காரணம் எதையும் சொல்லாமல், அழைப்புக்கும் செய்திக்கும் பதில் தராமல், தொடர்பை முற்றிலும் அறுத்துக்கொள்வதையே இச்சொல் குறிக்கிறது. காதல் உறவுகளைப் பற்றிய பேச்சில் பெரிதும் பரவிய இவ்வழக்கை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2017ஆம் ஆண்டில் சேர்த்துக்கொண்டது. இப்போது நட்புக்கும் வேலைக்கும்கூட இது பொருந்துகிறது. நேர்காணலுக்குப் பின் நிறுவனம் வாய் திறக்காமல் இருந்துவிட்டாலும் இப்படிச் சொல்வார்கள்.

ஓரிரு நாள் தாமதத்துக்கு இது பொருந்தாது. அவ்வாறு சொன்னால், வேண்டுமென்றே விலகிவிட்டதாக அவர்மீது குற்றம் சாட்டுகிறீர்கள் என்றே கேட்பவர் கொள்வார். அதேபோல், சண்டையிட்டு ‘இனி நாம் பேச வேண்டாம்’ என்று அறிவித்துவிட்டுப் போனவரையும் இச்சொல்லால் குறிக்க முடியாது, ஏனெனில் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொல்லாமல் மறைவதுதான் இச்சொல்லின் உயிர்.

மறுமொழி 2:
இலக்கணத்தையும் கவனியுங்கள். தமிழில் ‘என்னோடு தொடர்பை அறுத்துக்கொண்டார்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘வித் மீ’ என்று எழுதத் தோன்றும், அது பிழை. இவ்வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். செயப்பாட்டு வினையில் ‘ஐ காட் கோஸ்டட்’ என்பது பேச்சில் மிகவும் இயல்பானது.

அகராதியில் நீங்கள் கண்ட பழைய பொருளும் இன்றுவரை வழக்கில் இருப்பதால், செயப்படுபொருளைப் பார்த்தே தெளிய வேண்டும்: நூலோ உரையோ வந்தால் எழுதிக் கொடுத்தல், ஆள் வந்தால் சொல்லாமல் விலகுதல். ஷேக்ஸ்பியர் ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில், சீசரின் ஆவி புரூட்டஸின் முன் தோன்றியதைச் சொல்ல இதே வினையைக் கையாண்டிருக்கிறார். அன்று ஆவி வந்து நிற்பதைச் சொன்ன வினை இன்று ஆள் காணாமல் போவதைச் சொல்வது என்னை மிகவும் கவர்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘தி கம்பெனி கோஸ்டட் மீ ஆஃப்டர் தி இன்டர்வியூ’ என்று நண்பருக்கு எழுதினால் சரியா?

மறுமொழி 1:
மிகச் சரி. ஆனால் அந்த நிறுவனத்துக்கே எழுதும்போது இச்சொல்லைத் தவிர்த்து, ‘ஐ ஹேவ் நாட் ஹேர்ட் பேக் ஃப்ரம் யூ’ என்று எழுதுங்கள். அது பதில் வரவில்லை என்ற செய்தியை மட்டும் பணிவாகத் தெரிவிக்கும்.