ஜேம்ஸ் ஹெர்பர்ட் நாவல்: பயமா, வெறும் ரத்தக்களறியா?

பேப்பர்பேக்_பித்தன்:
போன வாரம்தான் 'தி ராட்ஸ்' முடிச்சேன், 1974ல வந்தது. பிரிட்டன்ல ஹாரர்னா இவர்தான்னு ஆளாளுக்கு ஏத்தி விட்டீங்களேன்னு எடுத்தேன். சத்தியமா கேக்கறேன், இதுல பயம் எங்க இருக்கு? நாய் சைஸ்ல எலி, லண்டன்ல ஒருத்தன கடிக்குது, அடுத்த சாப்டர்ல இன்னொருத்தன கடிக்குது, கைக்குழந்தைய கூட விடல. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஆள கொண்டாந்து, நாலு பக்கம் அவன் கதைய சொல்லி, அஞ்சாவது பக்கத்துல எலிக்கு போட்டுடறாரு. மூணாவது ஆளுக்கு அப்புறம் புது பேர் வந்தாலே போச்சு இவனும் காலின்னு தெரிஞ்சுடுது. முதல் பதிப்பு 1 லட்சம் காப்பி மூணே வாரத்துல தீந்துச்சுன்னு யாரும் வராதீங்க, டீக்கடை வடை கூடதான் தீந்துடுது.

ராத்திரி_வாசகி:
அந்த நாலு பக்கத்த புரட்டி தள்ளிட்டீங்க போல இருக்கே பித்தன் சார். முதல்ல சாகறவன் யாருன்னு திரும்ப பாருங்க. நல்லா சம்பாதிச்ச சேல்ஸ்மேன், ஆபீஸ்ல ஒரு பையன் மேல காதல், அது வெளிய தெரிஞ்சதும் கேலி பண்ணியே ஓட வைக்கறாங்க, அப்புறம் குடி, அப்புறம் தெரு. பாழடைஞ்ச வீட்டுல போதைல கெடக்கும்போதுதான் எலி வருது. எலி தின்னது மிச்சத்த மட்டும்தான், ஊர் ஏற்கனவே தின்னு முடிச்சிருச்சு. ஹெர்பர்ட்டே கிழக்கு லண்டன்ல வொய்ட்சேப்பல் பக்கம் வளந்தவர், அப்பா அம்மா மார்க்கெட்ல பழக்கடை. ஹீரோ கூட கிழக்கு லண்டன்ல ஏழை பசங்களுக்கு ட்ராயிங் சொல்லித்தர்ற வாத்தியார்தான். அந்த ஏரியாவ கண்டுக்காம விட்ட அதிகாரிங்க மேல இருக்கற கோவம் புக்கு பூரா இருக்கு.

பேப்பர்பேக்_பித்தன்:
"ஊர் தின்னு முடிச்சிருச்சு" நல்லா இருக்கு மேடம், ஆனா அது உங்க வசனம், ஹெர்பர்ட் வசனம் இல்ல. வாசகர் உள்ள போட்டத எல்லாம் எழுத்தாளர் கணக்குல வரவு வைக்க முடியாது.

சும்மா_ஒருத்தன்:
நான் 'தி ஃபாக்' பாத்திருக்கேன், கப்பல்ல பேய் வருமே, செம படம் 😀

ராத்திரி_வாசகி:
அது ஜான் கார்ப்பென்டர் படம்ப்பா, 1980. பேர் மட்டும்தான் ஒண்ணு. இவரோடது 1975 நாவல், ராணுவ ஆராய்ச்சில உருவான கிருமி மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்து, நிலம் பிளந்ததும் மஞ்ச மூட்டமா வெளிய வருது. அத சுவாசிச்சவனுக்கு புத்தி பேதலிக்கும். பேய் பிசாசு எதுவும் கெடையாது.

லைப்ரரி_அண்ணாச்சி:
லேட்டா வந்துட்டேன். பித்தன் தம்பி, ஃபார்முலான்னு சொன்னீங்கல்ல, ஒத்துக்கறேன், ஆனா அதே ஃபார்முலாவ வச்சு 'ஃபாக்'ல அந்த கடல் சீன என்ன பண்ணியிருக்காருன்னு பாருங்க. போர்ன்மவுத் கடற்கரை, கூட வாழ்ந்த பொண்ணு விட்டுட்டு போயிட்டான்னு ஒருத்தி சாகறதுக்காக தண்ணில இறங்கறா. அவளோட மொத்த வாழ்க்கையும் அந்த நடைலயே வந்துடுது. ஆழத்துக்கு போனதும் மனசு மாறிடுது, வாழணும்னு தோணுது, கரைய பாத்து திரும்பறா. திரும்பினா எதிர்ல ஊர் ஜனம் மொத்தமும் கடலுக்குள்ள நடந்து வருது, ஆயிரக்கணக்குல, மூட்டம் பிடிச்சு. சாக வந்தவளுக்கு இப்ப வாழ ஆசை, ஆனா வழி இல்ல, கூட்டம் அவளையும் தள்ளிக்கிட்டே உள்ள போகுது. இதுல சொட்டு ரத்தம் கெடையாது தம்பி. இத படிச்சு இருவது வருஷம் இருக்கும், இன்னைக்கும் முழங்கால் அளவு தண்ணில நின்னா ஒரு தடவ பின்னாடி திரும்பி பாத்துக்குவேன்.

பேப்பர்பேக்_பித்தன்:
அண்ணாச்சி, அந்த சீன் டாப், மறுக்கல. ஆனா அதே புக்குல ஸ்கூல்ல வாத்தியார பசங்க பண்றது? அது சும்மா அருவருப்பு. ஹீரோயின்கள் பூரா பேரும் ஹீரோ வந்து காப்பாத்தற வரைக்கும் காத்துக்கெடக்கற அட்டை பொம்மை. துண்டு துண்டா நல்ல சிறுகதை எழுதறவர் நாவல்னு வந்தா நடுவுல மெயின் கதைய ஓட்டறதுக்கு திணறறாருன்னு நான் சொல்றேன், அது தப்பா? இன்னொண்ணு, இவரோட 'தி ஸ்பியர்' நாவல் கேஸ் மறந்துட்டீங்களா, ட்ரெவர் ரேவன்ஸ்க்ராஃப்ட் புக்குல இருந்து எடுத்துட்டாருன்னு காப்பிரைட் வழக்குல தோத்தார்ல.

லைப்ரரி_அண்ணாச்சி:
தோத்தார், உண்மை. ரேவன்ஸ்க்ராஃப்ட் அத வரலாறுன்னு சொல்லித்தான் வித்தாரு, வரலாறுதானேன்னு இவர் எடுத்துக்கிட்டாரு, கோர்ட் அப்படி மொத்தமா அள்ளக்கூடாதுன்னுருச்சு. அதுக்கு சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். பொம்பள கேரக்டர் விஷயமும் சரிதான், சில படுக்கையறை சீனெல்லாம் இப்ப படிச்சா கூச்சமா இருக்கு.

ராத்திரி_வாசகி:
நீங்க ரெண்டு பேரும் எலி, மூட்டம்லயே நிக்கறீங்க. 1977ல 'ஃப்ளூக்', செத்த மனுசன் நாயா பொறந்து தன் குடும்பத்த தேடற கதை, ஹாரர் எதிர்பாத்து வாங்கினவனெல்லாம் அப்ப குழம்பியிருப்பான். நாய் மூக்கு வழியா ஊரே வாசனையா வரும் அதுல. அப்புறம் 1988ல 'ஹாண்டட்'. பேயே இல்லன்னு நிரூபிக்கறதையே தொழிலா வச்சிருக்கற டேவிட் ஆஷ் எட்ப்ரூக்னு ஒரு வீட்டுக்கு போறான், அங்க ரெண்டு அண்ணன் தம்பி, ஒரு தங்கச்சி, வயசான ஆயா. சின்ன வயசுல கூடப்பிறந்தவ தண்ணில மூழ்கி செத்தது அவன் மனச விட்டு போகவே இல்ல. வெட்டு குத்து எதுவும் இல்லாம தோட்டத்து குளம், காலியான தாழ்வாரம், இத வச்சே ஓட்டறாரு. எலி எழுதின அதே கைதான். அத படிக்காம இவருக்கு மார்க் போடாதீங்க.

பேப்பர்பேக்_பித்தன்:
சரி மேடம், 'ஹாண்டட்' எடுக்கறேன். ஆனா எலிக்கு ரெண்டு ஸ்டார்தான், அத மாத்த மாட்டேன்.

சும்மா_ஒருத்தன்:
ஹாண்டட் படம் நான் பாத்துட்டேன், கடைசில பாத்தா அந்த அண்ணன் தங்கச்சி எல்லாருமே

ராத்திரி_வாசகி:
யோவ்!!! அத டெலிட் பண்ணு மொதல்ல.

பேப்பர்பேக்_பித்தன்:
பாத்துட்டேன். ரொம்ப நன்றி ப்ரோ 🙏