மீட்டரில் 12.6, பம்ப் ஓடினால் விளக்கு மங்குகிறது: கேரவன் பேட்டரியில் நாங்கள் பார்த்தது

எங்கள் டிரெய்லர் கேரவனில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, பேரலலில் இணைத்தவை. சார்ஜ் முடிந்து மீட்டர் வைத்தால் 12.6 காட்டும், ஆனால் இரவில் தண்ணீர் பம்ப் ஓடினாலே விளக்கு மங்கும், விடிவதற்குள் ஹீட்டர் விசிறி நின்றுவிடும். இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், வோல்ட்டை மட்டும் பார்த்து பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். சேர்ந்திருக்கும்வரை இரண்டிலும் ஒரே வோல்ட்தான் வரும், எது பழுது என்று தெரியாது. நான் பிரித்து, சார்ஜரையும் கழற்றி ஓர் இரவு அப்படியே விட்டேன், ஏனென்றால் சார்ஜ் ஏறிய உடனே காட்டும் வோல்ட் கொஞ்சம் பொய்யாக உயர்ந்திருக்கும். காலையில் ஒன்று 12.64, மற்றது 12.56. இதை வைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்புறம் மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை மிதவையால் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக (பேட்டரிக்குள் இருக்கும் தனி அறை) ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன் (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் தீப்பொறி பக்கத்திலேயே கூடாது). முதல் பேட்டரியில் ஆறு செல்லும் 1.265 பக்கம். இரண்டாவதில் ஐந்து சரி, ஓரத்துச் செல்லில் மட்டும் மிதவை அமுங்கி 1.190-இல் நின்றது, அது பாதி சார்ஜ் அளவு. செல்களுக்குள் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் செல்லை நம்ப முடியாது. அடர்த்தி எண்ணோடு 0.84 கூட்டினால் ஏறக்குறைய ஒரு செல்லின் வோல்ட் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு செல் பாதி இறங்கிக் கிடந்தும் மொத்தத்தில் 0.08 வோல்ட்கூடக் குறையாது. மீட்டருக்கு அது தெரியாமல் போவது இதனால்தான்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு இந்தச் சோதனை வேண்டாம், தண்ணீர் மேலேயே நிற்கும், அளவு தப்பாக வரும். சார்ஜ் போட்டுக் கலந்த பிறகு பாருங்கள்.

அந்தச் செல்லைத் தேற்ற ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமமாக்க வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) போட்டும் பார்த்தேன், மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும்தான் அது சரிப்படும். எண் அசையவே இல்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இப்போது நல்லது ஒன்று மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் விசிறி விடியும்வரை ஓடுகிறது.

சீல் வைத்த பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டருக்கு வழியில்லை, லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி முழு சார்ஜில் 5 ஆம்பியர் லோடை 10.5 வோல்ட் வரும்வரை 20 மணி நேரம் தாங்க வேண்டும். 16 மணி நேரத்துக்குள்ளேயே படுத்துவிட்டால் புதுசு பார்க்கலாம்.