சேலத்திலிருந்து பிச்சாவரம்: காத்தடிக்கிற பேடில் போர்டு, முதல் தடவை

அஸ்தம்பட்டிக்காரன்
எடை 84 கிலோ, உயரம் 5 அடி 8. மேல நின்னுக்கிட்டே துடுப்பு போடுற போர்டு வாங்கியிருக்கேன், 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். ஏற்காடு ஏரியில பழகிட்டு ஜனவரி கடைசியில பிச்சாவரம் பக்கம் கழியில (கடலோட சேர்ற உப்பங்கழி) இறங்கலாம்னு இருக்கேன். ஏரிப் பழக்கம் அங்க போதுமா? சேலத்துலயே காத்தடிச்சு கார் மேல கட்டி மலை ஏத்தலாமா? துடுப்பு எவ்வளவு நீளம் வைக்கணும்?

முகத்துவாரம்
ஏரி நிக்கக் கத்துக்கொடுக்கும். போர்டு நடுவுல இருக்கிற கைப்பிடி ரெண்டு முழங்காலுக்கு நடுவுல வர்ற மாதிரி மண்டிபோட்டு ஆரம்பிங்க, அப்புறம் ஒவ்வொரு காலா எழுந்திரிங்க. பார்வை காலடியில வேண்டாம், கரையில இருக்கட்டும். விழுந்தா போர்டை விட்டு விலகி, தட்டையா விழணும். கழியில பல இடம் இடுப்பளவுதான், காலை ஊனிக் குதிச்சா சேறும் சிப்பியும் காத்திருக்கும். படகு இல்லத்துல கேட்காம ரெண்டு இடத்துலயும் இறங்காதீங்க.

ஏரி கத்துக்கொடுக்காதது நீரோட்டம். கழி கண்ணுக்கு அசையாம இருக்கும், ஆனா அடியில ஓடிக்கிட்டே இருக்கும். கடல்தண்ணி நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும். நேரம் தினமும் 50 நிமிஷம் போல தள்ளிப்போகும். நம்ம கரையில நீர்மட்ட வித்தியாசம் பெருசா இல்லைதான். ஆனா அவ்வளவு தண்ணியும் குறுகலான முகத்துவாரம் வழியாத்தானே கடலுக்குப் போகணும்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். புதுசா துடுப்பு போடுறவர் மணிக்கு நாலு கிலோமீட்டர் போவார். எதிர்நீர் மூணுன்னா மிஞ்சுறது ஒண்ணு.

இறங்கினதும் துடுப்பைத் தூக்கி வெச்சுட்டு, தண்ணியில ஊனியிருக்கிற ஒரு கம்பைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. எந்தப் பக்கம் நகர்றீங்கன்னு தெரியும். முதல்ல அந்த ஓட்டத்துக்கு எதிரா போங்க, களைச்சுத் திரும்பும்போது அது கூட வரும். நீர் திரும்புற நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்துவெச்சுக்கணும். வத்துற நேரத்துல முகத்துவாரம் பக்கமே போகாதீங்க.

ஹேர்பின்_20
காத்தடிச்சுக் கொண்டுபோகாதீங்க. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல உயர வித்தியாசம். வெளிக்காத்தோட அழுத்தம் மேல ஏறக் குறையும், அதனால போர்டுக்குள்ள கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கூடும். இங்க 15 வெச்சது அங்க 17. குளிர் கொஞ்சம் குறைக்கும், ஆனா வண்டி மேல வெயில் அடிச்சா சூடு 30 டிகிரி ஏறி இன்னொரு 3 சேரும். ஒட்டுத் தையல் பிரியறது இப்படித்தான். 20 கொண்டை ஊசி வளைவுல பத்தடி போர்டு காத்துல ஆடுறது தனி ஆபத்து. சுருட்டிக் கொண்டுபோய் கரையில அடிங்க.

வால்வு முக்கியம். நடுவுல இருக்கிற ஊசி மேல எழும்பி நின்னாதான் மூடியிருக்குன்னு அர்த்தம். அமுக்கித் திருப்பி உள்ள இறங்கியிருந்தா, குழாயைக் கழட்டின நொடியே அத்தனை காத்தும் சீறிப் போயிடும். பம்ப் முள் முதல்ல அசையவே அசையாது, 5, 6 தாண்டினதும்தான் ஏறும், கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. 8 தாண்டி கை கனத்தா இருபக்க அடியை (இழுக்கும்போதும் அமுக்கும்போதும் காத்து போறது) ஒருபக்கமா, அமுக்கும்போது மட்டும் போற மாதிரி, மாத்திக்குங்க. உங்க எடைக்கு 14, 15 வேணும். 10ல நிறுத்தினா நடுவுல தொய்ஞ்சு, நிக்க நிக்க ஆடும்.

துடுப்பு உங்க உயரத்துக்கு மேல 20லிருந்து 25 செ.மீ., அதாவது 195 வாக்குல. இலையோட, அதாவது துடுப்போட தட்டை முனையோட, சாய்வு முன்பக்கம் பார்க்கணும். முக்கால்வாசிப் பேர் கரண்டி மாதிரி திருப்பிப் பிடிக்கிறாங்க.

அஸ்தம்பட்டிக்காரன்
ரொம்ப நன்றிங்க. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினா சரியா இருக்குமா? லீஷ் (போர்டையும் ஆளையும் இணைக்கிற கயிறு) கணுக்கால்ல கட்டுறதுதான் வந்திருக்கு.

முகத்துவாரம்
பத்தாது. ஆத்தூர், விருத்தாசலம் வழியா போய், காத்தடிச்சு முடிக்க 9 தாண்டிடும். முற்பகலுக்கு மேல கடல்காத்து கிளம்பிடும், நின்னுட்டிருக்கிற உங்க உடம்பே அதுக்குப் பாய்மரம். முந்தின ராத்திரி சிதம்பரத்துல தங்கிட்டு ஆறரைக்கு இறங்குங்க. காத்து பிடிச்சா மண்டிபோட்டு, துடுப்பைக் குட்டையாப் பிடிச்சுத் தள்ளுங்க.

கணுக்கால் லீஷ் ஏரிக்குச் சரி. ஓட்டத்துல அது சுரபுன்னை (மாங்குரோவ்) வேர்ல மாட்டினா, நீர் உங்களை இழுத்துப் பிடிச்சுக்கும், குனிஞ்சு காலை எட்டவே முடியாது. இடுப்புல கட்டி ஒரே இழுப்புல கழட்டுற பட்டி வாங்குங்க. லைஃப் ஜாக்கெட் உடம்புலதான் இருக்கணும், போர்டுல கட்டிவைக்கிறதுக்கு இல்லை.

ஹேர்பின்_20
9 அங்குல நடு ஃபின் (போர்டுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற தகடு) அங்க தரை தட்டும், நீங்க முன்னாடி கவிழ்வீங்க. 4, 5 அங்குலக் குட்டை ஃபின் போட்டுக்குங்க. வேர்ல ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி, ஒரு துடுப்பு தூரம் தள்ளியே போங்க. வந்ததும் நல்ல தண்ணியில வால்வு, ஃபின் பெட்டி ரெண்டையும் அலசி, நிழல்ல காயவெச்சுச் சுருட்டுங்க. சேலம் வெயில்ல டிக்கியில போட்டுவைக்காதீங்க, பசை இளகிடும்.