நைரோபியில் ஆஸ்பத்திரி கிட்டத்தில்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் இத்தனை குழந்தைகள் இறந்தார்கள்?

வெண்ணிலா கேட்டது:
ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2000-ல் நைரோபியின் குடிசைப் பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பின்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 151 பேர் ஐந்து வயதுக்குள் இறந்திருக்கிறார்கள். கென்யக் கிராமங்களில் 113, நைரோபி முழுவதற்கும் எடுத்தால் 62தான். டாக்டரும் மருந்துக்கடையும் நகரத்தில்தானே அதிகம்? பிழைப்பு தேடி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கதி?

தென்றல்:
விழிப்புணர்வு இல்லாததுதான். தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

மாலதி:
தென்றல், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நைரோபியில் கொரோகோச்சோ என்ற குடிசைப் பகுதியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள் நான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் தரவேண்டும் என்பது அங்கே எந்தத் தாய்க்கும் தெரியும். ஆனால் கொரோகோச்சோவிலும் விவாண்டானி என்ற இன்னொரு குடிசைப் பகுதியிலும் நடந்த ஆய்வில், அப்படித் தந்தவர்கள் சுமார் 2% தான். துணி துவைக்கும் வேலை வேண்டுமென்றால் காலையிலேயே நகரத்தின் ஈஸ்ட்லீ பகுதிக்குப் போய்த் தெருவோரம் காத்திருக்க வேண்டும். இடுப்பில் குழந்தை இருந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதனால் குழந்தை பக்கத்து வீட்டில், கஞ்சியோடும் தண்ணீரோடும். அந்தத் தண்ணீரும் 20 லிட்டர் கேனில் காசு கொடுத்து வாங்கியது. அது வரும் பிளாஸ்டிக் குழாய் பல இடங்களில் சாக்கடைக்குள்ளேயே கிடக்கும். வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்?

வெண்ணிலா, இடம்பெயர்ந்த எல்லாரையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். அந்த இரண்டு பகுதிகளிலும் 2000-களின் தொடக்கத்திலிருந்து வீடு வீடாகப் பதிவு எடுத்துவந்தார்கள். அதில் அதிக ஆபத்து யாருக்கு என்று தெரிந்தது? கர்ப்பமாக இருக்கும்போது வந்து சேர்ந்து, அங்கேயே பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு. எனக்கு ஆச்சரியமே இல்லை. மேற்குக் கென்யாவின் கிசுமுவிலிருந்து ஐந்து மாத வயிற்றோடு பஸ் ஏறி வருகிற பெண்ணுக்கு எந்த கிளினிக் நல்லது, அவசரத்துக்கு யார் கடன் தருவார்கள், எதுவும் தெரியாது. ராத்திரி வலி எடுத்தால் அந்தச் சந்துகளில் வெளியே வரவே பயம், வண்டியும் உள்ளே வராது. 2013-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தை இலவசமாக்கினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

வெண்ணிலா:
நன்றி அக்கா. இப்போதும் அதே நிலைதானா?

மாலதி:
இல்லை, குறைந்திருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் 151 என்பது 80 அளவுக்கு இறங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உடம்பு சரியில்லாத குழந்தையைச் சிலர் ஊரில் பாட்டியிடம் அனுப்பிவிடுவார்கள். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் அது எந்தக் கணக்கில் வரும்? கட்டுரையில் நகரம், கிராமம் என்று மட்டும் பிரிக்காமல், தாய் எப்போது வந்தாள், வரும்போது கர்ப்பமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.