நெல் இலையில் பாக்டீரியா தேடினால் குளோரோபிளாஸ்ட்தான் வருகிறது, உதவுங்கள்

தரமணி மாணவி:
மதுராந்தகம் பக்கம் ஒரு வயலில் 12 நெல் இலை மாதிரிகள் எடுத்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சென்னை வந்தேன். இலையைத் திரவ நைட்ரஜனில் அரைத்து டிஎன்ஏ எடுத்து, 515எஃப்–806ஆர் பிரைமர் (எந்தப் பகுதியை நகலெடுக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ) போட்டு, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வி4 பகுதியைச் சீக்வென்சிங்குக்குக் கொடுத்தோம். மாதிரிக்குச் சுமார் 60,000 ரீடு (படித்தெடுத்த டிஎன்ஏ துண்டு). அதில் 93 சதவீதம் நெல் செல்லின் சொந்த உறுப்புகளான குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா! மிஞ்சியது 4,000 சொச்சம். முதலில் 'சயனோபாக்டீரியா' (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) என்று காட்டியதைப் பார்த்து வழிகாட்டியிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். காசு மொத்தமும் வீணா?

பிசிஆர் அக்கா:
எனக்கும் வாழையிலையில் இதே கதைதாம்மா. குளோரோபிளாஸ்ட்டே ஆதியில் சயனோபாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியதுதான். அதன் 16எஸ் மரபணு இன்னும் அங்கேயே இருக்கிறது, உங்கள் பிரைமருக்கு வித்தியாசம் தெரியாது. இலைமேல் இருப்பது மட்டும் போதுமென்றால் அரைக்காதீர்கள். பாஸ்பேட் பஃபரில் துளி ட்வீன் (சோப்பு மாதிரி) விட்டு, இலையைப் போட்டுக் குலுக்கி, லேசாக சோனிகேட் செய்து (ஒலி அலையால் அதிரவைத்து), அந்தத் தண்ணீரை சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். அடியில் படிவதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள்.

தரமணி மாணவி:
இலைக்குள் இருப்பதும் வேண்டும் அக்கா. பிஎன்ஏ கிளாம்ப் (குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ-வில் ஒட்டி அது நகலாகாமல் தடுக்கும் துண்டு) விலையைப் பார்த்ததும் பக்கத்தையே மூடிவிட்டேன்.

பிசிஆர் அக்கா:
அப்படியானால் 799எஃப்–1193ஆர் பிரைமர் போடுங்கள். குளோரோபிளாஸ்ட்டைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பாக்டீரியா துண்டு சுமார் 400 எழுத்து, மைட்டோகாண்ட்ரியா துண்டு அதைவிட நீளம். ஜெல்லில் ஓட்டி, சின்னத் துண்டு ஓடி நிற்கும் கீழ்ப் பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். ஒரு குறை: நிஜமான சயனோபாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் நிற்கும் வயலுக்கு அது சின்ன இழப்பு இல்லை. என்றைக்காவது கிளாம்ப் வாங்கினால், நெல்லின் குளோரோபிளாஸ்ட் வரிசையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிடி தளரும்.

கணினிக்காரன்:
பழைய டேட்டாவைத் தூக்கிப் போடாதீர்கள். சைம் 2 (QIIME 2) மென்பொருளில் குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா இரண்டையும் வடிகட்டிவிட்டு ரேர்ஃபேக்‌ஷன் வளைகோடு போடுங்கள்; ரீடு கூடக்கூடப் புது வகைகள் இன்னும் வருகின்றனவா என்று அது காட்டும். 4,000-க்குள் தட்டையானால் வேலைக்கு ஆகும். புது பிரைமர் டேட்டாவை மட்டும் இதோடு கலக்காதீர்கள், அது அதே மரபணுவின் வேறு பகுதி, வி5–வி7. அப்புறம், இலையே போடாமல் டிஎன்ஏ எடுக்கும் கிட்டை மட்டும் ஓட்டிய பிளாங்க் இருக்கிறதா? பாக்டீரியா குறைவாக உள்ள மாதிரியில் கிட்டின் அழுக்கே பெரிதாகத் தெரியும்.

தரமணி மாணவி:
பிளாங்க் ஒன்று இருக்கிறது. வளைகோடு போட்டேன்: 9 மாதிரிகள் 2,500-இலேயே தட்டை. ஏறிக்கொண்டே போகும் மூன்றும் ஒரே வரப்போரத்தில் பறித்தவை. திங்கட்கிழமை அங்கே திரும்பப் போகிறேன், இந்த முறை பஃபர் பாட்டிலோடு.