மகளின் சிரிப்புச் சத்தம் அம்மம்மாவைப் போலவே இருக்கிறது, இது பரம்பரையா?

உப்புவெளி அம்மா:
வணக்கம். மகளுக்கு 13 வயது. பகிடி ஒன்று கேட்டால் முதலில் சத்தமே இல்லாமல் குலுங்குவாள். தோள் இரண்டும் ஆடும், கண்ணால் தண்ணீர் வழியும். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் 'ஹீக்' என்று ஒரு சத்தம். என் அம்மாவும் அச்சொட்டாக இப்படித்தான் சிரிப்பா. ஆனால் மகள் பிறக்க முன்பே அம்மா போய்விட்டா, பார்த்துப் பழக வழியில்லை.

டியூசன் வகுப்பில் பிள்ளைகள் அந்த 'ஹீக்'கைச் செய்து காட்டுகிறார்களாம். இப்போது வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு கொடுப்புக்குள் சிரிக்கிறாள். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. சிரிப்பு பரம்பரையாக வருமா? இந்தச் சத்தம் ஏதும் வருத்தத்தின் அறிகுறியா?

குரல்வளை:
பேச்சுச் சிகிச்சைதான் என் வேலை, அதனால் எழுதுகிறேன். வெளியே போகிற மூச்சு துண்டு துண்டாக வெட்டுப்படுவதுதான் பெரும்பாலும் சிரிப்பு. ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்ததில் ஒவ்வொரு 'ஹா'வும் ஒரு விநாடியில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு; ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க 5இல் ஒரு பங்கு. உங்கள் மகள் மூச்சை முழுக்க விட்டுத் தீர்த்துவிட்டு அவசரமாக இழுக்கிறாள். குரல்நாண்கள் நன்றாக விரிய முன்பே காற்று புகுந்தால் அந்த 'ஹீக்' வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடும்போதும் இரைகிறதா, சிரித்து முடிய இருமல் தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரிப்பே இழுப்பைக் கிளப்பலாம்; அப்படியென்றால் டொக்டரிடம் காட்டுங்கள்.

பிறவியிலேயே காது கேளாத மாணவர்களின் சிரிப்பைப் பதிவு செய்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2008இல் வந்தது. கேட்கும் மாணவர்களின் சிரிப்போடு அது அடிப்படையில் ஒத்திருந்தது. ஆக, சிரிக்க யாரையும் கேட்டுப் பழக வேண்டியதில்லை. வாய், தொண்டை அமைப்பு குடும்பவழி வருகிறது, சத்தத்தின் சாயலும் கூடவே வரலாம். நீங்கள் எப்படிச் சிரிக்கிறீர்கள்? வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

உப்புவெளி அம்மா:
இரைப்பு, இருமல் ஒன்றும் இல்லை. இவரிடம் கேட்டேன். "நீயும் கடைசியில் ஒரு ஹீக் போடுவாய்தானே" என்கிறார். இத்தனை வருடமும் எனக்கே தெரியாது!

மூதூரான்:
முந்தி நாங்கள் திருகோணமலையிலிருந்து ஊருக்கு லாஞ்சில்தான் வருவோம். எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. ஆனால் பெரியப்பா கெக்கட்டம் விட்டால் லாஞ்சின் மறுகோடியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பகிடி என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பெரியம்மா வாயே திறக்க மாட்டா, மூக்கால் மட்டும் 'ஃப்ம்' என்று இரண்டு தரம். அவ்வளவுதான். அந்த 'ஃப்ம்'மை வாங்கத்தான் பெரியப்பா பகிடியே விடுவார். பிள்ளையின் சிரிப்பைத் திருத்தப் போகாதீர்கள், தயவுசெய்து.

தமிழ் டீச்சர்:
நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பிவிடுவது). வகுப்பில் இவை எல்லாவற்றையும் நான் பார்க்கிறேன். செய்து காட்டுவது எப்போதும் எள்ளல் ஆகாது. ஒரு சிரிப்பு பிடித்துப்போனாலும் பிள்ளைகள் அதைச் செய்து பார்ப்பார்கள். மகளிடம் கேளுங்கள்: செய்து காட்டிய பிறகு அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அவள் முகம் வாடிய பிறகும் விடாமல் செய்கிறார்களா? இரண்டாவது என்றால் டியூசன் மாஸ்டரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

மேலே சொன்ன புரோவைனே இன்னொன்றும் கண்டார்: தனியே இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோமாம். அதனால் "கையை எடு" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மச்சாள்மாரை லீவுக்குக் கூப்பிட்டு வையுங்கள், எல்லோருமாக நிலாவெளிப் பக்கம் கடலில் குளிக்கப் போங்கள். அலைக்குள் நின்றுகொண்டு யாரும் வாயைப் பொத்த மாட்டார்கள்.